சம்படமும் சவேரியார் நண்டும்

காட்டாங்குளத்தூரில் கடல் கிடையாது. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, அதை ஒட்டியே செங்கல்பட்டு போகிற மின்சார ரயில் தண்டவாளம். ராத்திரி படுத்தால் அலையோசை மாதிரி கேட்பது திண்டிவனம் பக்கம் போகும் லாரி. காலை நனைக்க ஆசைப்பட்டால் வண்டலூர் வரை வந்து, கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து, கோவளம் போய்ச் சேருவதற்குள் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருப்போம். இந்த ஊரில், மூன்றாவது மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நான் ஒரு கடல் நாடகம் எழுதினேன். அதுவும் குழந்தைகளுக்கு. அதுவும் நண்டை வைத்து.

எழுத உட்கார்ந்த அன்றே மனைவி கேட்டாள். “நண்டுக்கு எத்தனை காலுன்னு தெரியுமா?”

“எட்டு” என்றேன்.

பத்து. கொடுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் கணக்காம். அதற்குள் எட்டு கால் கணக்கில் அட்டை வெட்டி முடித்திருந்தேன்.

“சேக்கிழார் மட்டும் என்ன கடற்கரையிலா குடியிருந்தார்?” என்று எதிர்வாதம் செய்தேன். அவர் குன்றத்தூர்க்காரர். தாம்பரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அவர் ஊர் வந்துவிடும். நம்மைப் போலவே ஏரியும் வயலும் பார்த்து வளர்ந்தவர்தானே நாகப்பட்டினத்து நுளைப்பாடி மீனவர் அதிபத்தரைப் பாடினார்? மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, “அவர் சேக்கிழார்” என்றாள். அதற்கு மேல் அந்த விவாதம் நகரவில்லை.

டிசம்பரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆண்டு விழா. குழந்தைகள் நடிக்க 15 நிமிட நாடகம் வேண்டும் என்றார் செயலாளர். “எழுதுறவர் நம்ம பில்டிங்லயே இருக்காரே!” நான் எழுதுகிறவன் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம், தண்ணீர் லாரி பற்றி வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டு வந்த நீளமான புகார்கள்.

கதை என் கைவசம் இருந்தது. முதல் மாடியில் இருக்கும் மணப்பாட்டு அக்கா சொன்ன கதை. சவேரியார் கடலில் போகும்போது புயல் பிடித்துக்கொண்டது. கழுத்தில் கிடந்த சிலுவையை எடுத்துத் தண்ணீரில் தொட்டார். கை நழுவிச் சிலுவை கடலோடு போய்விட்டது. மறுநாள் கரையில் நடந்து போகிறார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நண்டு, இரண்டு கொடுக்காலும் அந்தச் சிலுவையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றது. அவர் குனிந்து வாங்குகிற வரைக்கும் நின்றது. வாங்கியதும் திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. “அவ்வளவுதான் தம்பி. சிலுவை நண்டு ஓட்டுல இன்னிக்கும் அந்த அடையாளம் இருக்கு, பாத்துக்கிடுங்க” என்று முடித்தார் அக்கா.

அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குப் போதவில்லை. இத்தனை பெரிய காரியம் செய்த நண்டு ஒரு வார்த்தை பேசாமல் போவதா? அப்புறம் எழுத்தாளன் எதற்கு இருக்கிறான்?

அக்கா இந்தக் கதையைச் சொன்னது, ஓர் எவர்சில்வர் சம்படத்தை என் கையில் கொடுத்தபோது. அது அதற்கு முந்தின வருஷக் கிறிஸ்துமஸ். உள்ளே முந்திரிக்கொத்து. இந்தச் சம்படத்தின் சரித்திரத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முந்திரிக்கொத்து மூன்று நாளில் தீர்ந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன், அடிப்பிடித்துவிட்டது. சித்திரையில் மாங்காய் ஊறுகாய் போட்டேன், பூஞ்சை பூத்தது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டோம். அந்த முறுக்கை அறுபது தாண்டிய ஒருவருக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. நடுவில் சம்படத்தில் கொத்தமல்லி விதை குடியேறியது, அது காலி செய்ததும் ஆணியும் ஸ்குரூவும் வந்தன. நாடகம் எழுதிய நாட்களில் அது என் மேஜையில் இருந்தது, பேனா பென்சில் போட. தொலைந்த பொருளைத் திருப்பிக் கொடுத்த ஒரு நண்டைப் பற்றி, திருப்பிக் கொடுக்காத பாத்திரத்திலிருந்து பேனா எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். சத்தியமாக அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

நாடகத்துக்கு ஓர் அறிமுகவுரை வேண்டும், அதை நானே மைக்கில் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். முதல் கூட்டத்திலேயே, “இந்தக் கதை 1586-லேயே தமிழில் அச்சாகிவிட்டது” என்று முழங்கினேன். அண்டிரிக் பாதிரியார் என்று நம் கடற்கரை அழைத்த போர்ச்சுகீசியர் என்றிக்கே என்றிக்கஸ், ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு நூலை 1578-ல் கொல்லத்தில் அச்சிட்டவர், 1586-ல் புனிதர்களின் கதைகளைத் தொகுத்து ‘அடியார் வரலாறு’ என்ற பெரிய புத்தகத்தைத் தமிழிலேயே கொண்டுவந்தார். புனிதர் கதை என்றால் அதில் சவேரியாரும் இருப்பார், சவேரியார் இருந்தால் நண்டும் இருக்கும். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். செயலாளரின் மகள் போனைப் பார்த்துக்கொண்டே, “அங்கிள், அவருக்குப் புனிதர் பட்டமே 1622-லதானே கொடுத்திருக்காங்க?” என்றாள். 36 வருஷம் இடித்தது. ‘சுமார்’ போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த தவறு புவியியல். கதையை மணப்பாட்டிலேயே நடத்திவிட்டால் அக்கா மகிழ்ந்துபோவார் என்று, மணல் குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே அலை என்று காட்சி எழுதி அவரிடமே படித்துக் காட்டினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க ஊருல அவரு தங்கின குகை இருக்கு தம்பி. கடலுக்குப் பக்கத்துலயே, உள்ள நல்ல தண்ணிக் கிணறு. அது உண்மை. நண்டு எங்க ஊருல வந்துச்சுன்னு யாரு சொன்னா?”

ஒருவரும் சொல்லவில்லைதான். சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-ல். நண்டு நடந்ததாகச் சொல்லப்படுவது 1546-ல், இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கத் தீவுகளில், அம்போனுக்கும் செராமுக்கும் நடுவே. கைதட்டலுக்காக நான் ஒரு கடலை 5000 கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வந்திருந்தேன். அவரோடு அன்று கரையில் நடந்து போன ஃபவுஸ்தோ ரொட்ரீகஸ் என்ற போர்ச்சுகீசியர் சத்தியம் செய்து சாட்சி சொன்னது 1608-ல், அதாவது 62 வருஷம் கழித்து. சவேரியார் ஏராளமாகக் கடிதம் எழுதியவர், ஆனால் எந்தக் கடிதத்திலும் இந்த நண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நேற்று ஸ்கூட்டர் சாவியை எங்கே வைத்தேன் என்று சாட்சி சொல்ல முடியாத நான், 62 வருஷம் ஒரு நண்டை மறக்காதவரைச் சந்தேகப்பட எனக்கு என்ன தகுதி என்று விட்டுவிட்டேன்.

தேடப் போன இடத்தில் இதற்கு உறவுக்காரக் கதைகள் கிடைத்தன. ஜப்பானில் என்னின் என்ற பௌத்தத் துறவி 9-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து திரும்பும்போது புயல் வர, கையிலிருந்த சிறு புத்தர் சிலையைக் கடலுக்குக் கொடுத்தார். பின்னால் அது ஒரு சாக்குக்கணவாயின் மேல் ஏறிக் கரைக்கு வந்தது. தோக்கியோவில் அந்தக் கணவாயின் பெயரிலேயே கோயில் இருக்கிறது. பிரிட்டனில் கத்பர்ட் என்ற துறவி ராத்திரி முழுக்கக் கடலுக்குள் நின்று ஜெபித்துவிட்டுக் கரையேற, இரண்டு நீர்நாய்கள் வந்து மூச்சுக்காற்றால் அவர் பாதத்தைச் சூடேற்றி, ரோமத்தால் துடைத்துவிட்டனவாம். குளித்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் துண்டு எடுத்துக் கொடுப்பது போல. 8-ஆம் நூற்றாண்டில் பீட் என்பவர் எழுதி வைத்தது.

கணவாய் சுமந்தது. நீர்நாய் துடைத்தது. நண்டு கொடுத்தது. ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. உலகத்திலேயே நண்டுக்கு இரண்டு பக்க வசனம் எழுதியவன் நான்தான். அதில் முதல் பக்கம் கடலில் பிளாஸ்டிக் கலப்பது பற்றி. இரண்டாம் பக்கம் மத நல்லிணக்கம்.

மத நல்லிணக்கம் புகுந்தது சங்கக் கூட்டத்தால். “ஒரு மதத்துக் கதை மட்டும் போட்டா எப்படி?” என்று ஒரு குரல் வந்தது. நியாயம்தான். அதிபத்தரைச் சேர்த்தேன். தினமும் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுகிறவர் அவர். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் விழுந்தது. அதையும் விட்டார், வீடு பட்டினி கிடந்தது. கடைசியில் ஒருநாள் ரத்தினம் பதித்த பொன்மீன் விழுந்தது. அதையும் விட்டார். நாகப்பட்டினத்தில் ஆவணி ஆயில்யத்தன்று பொன்மீனும் வெள்ளிமீனும் கடலில் விட்டு இன்றும் விழா நடத்துகிறார்கள். இந்தப் பொன்மீனும் சவேரியார் நண்டும் நடுக்கடலில் சந்தித்துப் பேசுவதாக ஒரு காட்சி வைத்தேன். எனக்கு அது காவியமாகத் தெரிந்தது. பொருளாளர், “ஜிகினா பேப்பர் செலவு யார் கணக்கு?” என்றார்.

நாகூர் ஆண்டவர் கதையில்தான் மாட்டிக்கொண்டேன். அவர் முடி திருத்திக்கொண்டிருக்கும்போது கையிலிருந்த கண்ணாடியை வீசுகிறார், அது எங்கோ நடுக்கடலில் ஓட்டையான கப்பலின் ஓட்டையை அடைத்துவிடுகிறது. அற்புதமான கதைதான், ஆனால் கடல் உயிர் ஒன்றும் இல்லை. ஓர் ஓங்கல் அந்தக் கண்ணாடியை மூக்கில் தாங்கிக்கொண்டு போவதாக எழுதி, இரண்டாம் மாடி பாயிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, “கண்ணாடி தானாப் போச்சு சார். அதானே விசேஷமே” என்றார். டால்ஃபின் வேஷத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த சாம்பல் நிறத் துணி இப்போது எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்குப் போர்வை.

கடைசியில் செயலாளரே தலையிட்டு, மேடையில் நண்டு மட்டும், மற்ற இரண்டும் அறிமுகவுரையில் என்று முடிவு செய்தார். அறிமுகவுரை 11 நிமிஷம் ஆனது. நாடகம் மொத்தம் 15.

நண்டின் ஓட்டுக்கு வண்ணம் தீட்ட அசல் ஒன்றைப் பார்க்க வேண்டுமே. ஞாயிறு காலை கூடுவாஞ்சேரி மீன் கடைக்குப் போனேன். சிலுவை நண்டு கேட்டேன். கடைக்காரர் ஐஸுக்குள் கைவிட்டு இரண்டு வகையை எடுத்துப் போட்டார். ஒன்று, செம்பழுப்பு ஓட்டின் நடுவில் வெளிறிய சிலுவை. துடுப்பு மாதிரி தட்டையான பின்னங்கால். நீந்துகிற சாதி. வளர வளர ஓட்டைக் கழற்றிப் போட்டாலும் புது ஓட்டிலும் அதே சிலுவை வரும். இன்னொன்றின் முதுகில் கண் மாதிரி மூன்று புள்ளி. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “இது சவேரியார் நண்டு, அது முக்கண்ணன். சைவ நண்டுன்னு சொல்லலாம், இல்லையா?”

“சைவம்னா எதுக்கு சார் இங்க வரீங்க?” என்றார் அவர், தராசைப் பார்த்தபடி.

குழம்பு நன்றாக இருந்தது. ஓட்டை மட்டும் மாதிரிக்கு வேண்டுமென்று கழுவிப் பால்கனியில் காயவைத்தேன். இரண்டாம் நாள் வாட்ஸ்அப் குழுவில், ‘சாக்கடை அடைப்பா?’ என்று ஒரு கேள்வி. மூன்றாம் நாள் பிளம்பர் வந்து மூன்று மாடியும் குழாயைத் தட்டிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் காகம் வந்து பிரச்சினையைத் தீர்த்தது. சிலுவையை நினைவிலிருந்துதான் வரைந்தேன். கூட்டல் குறி போட்ட மருந்துக்கடைப் பலகை மாதிரி வந்தது.

நண்டாக நடித்தவன் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பையன். “ஐயனே, ஆழியிடை வீழ்ந்த தங்கள் திருச்சிலுவையை ஏற்றருள்க” என்பது அவன் முதல் வரி. மூன்று வாரப் பயிற்சிக்குப் பின்னும் அவன் சொன்னது, “இந்தா.” எனக்குக் கோபம். அந்தக் கோபத்தை ஆற்றியது சவேரியாரே. மொழி தெரியாமல் வந்து, உள்ளூர்க்காரர் உதவியோடு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று வந்திருந்தது. இத்தனை நாள் ஜனங்கள் கைகூப்பி ‘வேணும், வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1544-ல் தன் தோழர் மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார். புனிதருக்கே சறுக்கியதே என்று ஆறுதல்பட்டேன். அவர் தவறு தெரிந்ததும் திருத்தினார் என்ற பாதியை வசதியாக விட்டுவிட்டேன். என் ‘ஏற்றருள்க’ கடைசி ஒத்திகை வரை அப்படியே இருந்தது.

சிலுவைக்கு அட்டையில் செய்தது அழகாக இல்லை. அக்கா வீட்டுச் சுவரில் ஒரு சாண் உயர மரச் சிலுவை மாட்டியிருக்கும், அவர் அம்மா கையில் வைத்திருந்தது. கேட்டேன். “நாடகம் முடிஞ்சதும் கொண்டாந்து கொடுத்துடறேன்க்கா.”

அக்கா சிலுவையைக் கழற்றித் தூசி துடைத்தார். “சம்படம் மாதிரியா தம்பி?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். என்னோடு வந்திருந்த நண்டு, ஒரு கையில் பிஸ்கட்டோடு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே இறங்கும்போது, “ஆச்சிகிட்ட ஏன் சம்படத்தைத் திருப்பிக் கொடுக்கல?” என்று கேட்டான். நாடகம் முடியட்டும் என்றேன்.

விழா நாள். நீலப் புடவையை இரண்டு பேர் பிடித்து ஆட்ட, புயல் வந்தது. ஒன்பதாம் வகுப்புச் சவேரியார், பசை போட்டு ஒட்டிய தாடி ஒரு பக்கம் தொங்க, சிலுவையை அலைக்குள் போட்டார். பத்துக் காலும் வைத்த பிறகு நண்டின் அகலம் கதவை விட அதிகமாகிவிட்டதால், பையன் பக்கவாட்டில்தான் மேடைக்கு வர முடிந்தது. மொத்த நாடகத்திலும் உயிரியல்படி சரியாக அமைந்தது அது ஒன்றுதான். சவேரியார் மண்டியிட்டுக் கையை நீட்டினார். நண்டு அவரைப் பார்த்தது. சிலுவையைப் பார்த்தது. பேசவில்லை. மேடையை விட்டுப் பக்கவாட்டிலேயே இறங்கி, பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போய், மணப்பாட்டு அக்காவின் முன்னால் இரண்டு கையாலும் சிலுவையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது.

அக்கா குனிந்து வாங்குகிற வரைக்கும் நின்றது.

மேடையில் சவேரியார் இன்னும் மண்டியிட்டிருந்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், தலையைத் தாளில் புதைத்துக்கொண்டு, மைக்கில், “இதோ, சவேரியார் சிலுவையைப் பெற்றுக்கொண்டார்!” என்று உருக்கமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது நண்டு தன் அம்மா மடியில் இருந்தது.

அவனைக் கேட்டேன், ஏன்டா கண்ணா அந்த அண்ணன்கிட்ட கொடுக்கலை என்று. “அது ஆச்சியோடது” என்றான்.

உண்மையான ஒப்புதல் இனிமேல்தான். விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, பி பிளாக்கிலிருந்து ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அந்த முடிவு இருக்கே சார், பிரமாதம். புனிதர்கிட்ட கொடுக்காம, ஜனங்க மத்தியில வந்து கொடுக்குது பாருங்க. மரபுக் கதையை அப்படியே புரட்டிப் போட்டுட்டீங்க. என்ன குறியீடு!”

நான், “நன்றி” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ரொம்ப நாள் யோசிச்சு வெச்ச முடிவு” என்றும் சொன்னேன். பையன் இரண்டு ஆள் தள்ளி வரிசையில் நின்று அப்பளம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரியே பேனா பென்சிலைக் கொட்டிவிட்டு, புளி போட்டுச் சம்படத்தைத் தேய்த்துக் கழுவினேன். அடியில் அக்காவின் அம்மா பெயர் வெட்டியிருக்கிறது. இத்தனை நாள் அதையும் நான் பார்த்ததில்லை. உள்ளே வைத்துக் கொடுக்க, கடையில் வாங்கிய அதிரசமே போதும் என்று மனைவி சொல்லிவிட்டாள். மூடியைத்தான் காணவில்லை. தொலைந்த பொருளுக்கு அந்தோணியாரைக் கேட்பார்கள் என்று தெரியும். மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவராகச் சொல்லப்படுகிறவரும் அவர்தான். ஆனால் அவரிடம் கேட்க அக்காவைத்தான் அனுப்ப வேண்டும், அதற்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ஆகவே காட்டாங்குளத்தூர், பொத்தேரி, மறைமலை நகர் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் எதையாவது கொடுத்தனுப்பிய பாத்திரத்தோடு, நடுவில் குமிழ் வைத்த எவர்சில்வர் மூடி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். உள்பக்கம் ஒரு பெயர் வெட்டியிருக்கும். அது என் பெயர் இல்லை.